மூட்டு வலிக்கு வாங்கிய மாத்திரை

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. மூட்டு வலிக்குத் தெருமுனை மெடிக்கலில் சீட்டு இல்லாமலே மாத்திரை வாங்கி, மூன்று வாரம் காலையும் இரவும் போட்டார். கண் மஞ்சளாகி, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. மாத்திரையால் கல்லீரல் பாதித்திருக்கிறது என்று டாக்டர் அதை நிறுத்திவிட்டார். கடைக்காரரைக் கேட்டால், ‘எல்லாருக்கும் இதைத்தான் கொடுக்கிறோம்’ என்கிறார். அட்டையின் படம் அனுப்பியிருக்கிறேன். புகார் கொடுக்க முடியுமா? இனி வலிக்கு எதை வாங்குவது?

— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எல்லாருக்கும் கொடுக்கிறார் என்பதுதானே பிரச்சினை!

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிராண்டு பெயர் கொட்டை எழுத்தில். அதன் கீழே பொடி எழுத்தில் நிமசுலைட் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது.

நிமசுலைட்டின் கதை பழையது. கல்லீரல் பாதிப்புப் புகார்களால் 2002-ல் பின்லாந்தும் ஸ்பெயினும், 2007-ல் அயர்லாந்தும் விற்பனையை நிறுத்தின. விற்பனை தொடர்ந்த ஐரோப்பிய நாடுகளில்கூட 15 நாளுக்கு மேல் தரக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அப்பா போட்டது 21 நாள். இங்கே 2011-ல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடை வந்தது. 2025 கடைசியில் 100 மி.கி.க்கு மேற்பட்ட மாத்திரைகளுக்கும் தடை. மாட்டுக்குப் போடுவதையும் நிறுத்தியாயிற்று. செத்த மாட்டைத் தின்கிற பாறு கழுகுகள் சாகின்றனவாம்.

ஆக, 100 மி.கி. மாத்திரை தடைசெய்யப்பட்டது அல்ல. சீட்டில்லாமல் கொடுத்ததுதான் தப்பு. மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நஷ்டஈடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே பில்லைக் கேட்பார்கள். பில் வாங்கவில்லை என்றால் சற்றுச் சிரமம்தான். போனில் பணம் அனுப்பியிருந்தால் கடையும் தேதியும் தெரியும், என்ன மருந்து என்பது தெரியாது. டாக்டர் எழுதிய அறிக்கை, ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் பத்திரம். மருந்தின் பக்கவிளைவைப் பதிவுசெய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது; நோயாளியின் வீட்டாரும் அழைக்கலாம்.

எதை வாங்குவது? இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவையும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவைதான். பாராசிட்டமால்கூட, மூலிகை மருந்துகூட, கல்லீரலைப் பார்க்கிற டாக்டர் சரி என்ற பிறகுதான். நாள் அதிகமானால் ஆபத்து கூடும். ஆனால் சிலருக்குச் சொன்ன அளவில் போட்டாலே இது வரும், யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பெரும்பாலானோருக்கு மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆனால் தூக்கக் கலக்கம், பிதற்றல், வயிறு வீக்கம் என்று எது தெரிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், மீதி மாத்திரையைக் கோபத்தில் கடையில் வீசிவிட்டு வராதீர்கள். பேட்ச் எண் அந்த அட்டையில்தான் இருக்கிறது.