குளிசையும் பாட்டும்

கேள்வி: இருதுருவ மனநோய்க்கு லித்தியம் குடிக்கும் என் தம்பி, "குளிசை போட்டா பாட்டு வரமாட்டேங்குது" என்று நிறுத்தப் பார்க்கிறான். என்ன செய்வது?
– வாசகி, ஹட்டன்

பதில்: திடீரென நிறுத்த மட்டும் விடாதீர்கள், சகோதரி. சில வாரங்களிலேயே பித்துநிலை (அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும்) திரும்பலாம். தற்கொலை ஆபத்தும் கூடும்.

தம்பி சொல்வது சாக்குப்போக்கல்ல. லித்தியம் சிலருக்குச் சிந்தனையை மந்தமாக்கும், கையை நடுங்க வைக்கும். 1979இல் டென்மார்க் மருத்துவர் மோகென்ஸ் ஸ்கௌ லித்தியம் எடுத்த 24 கலைஞர்களை விசாரித்தார்: 12 பேர் முன்பைவிட அதிகம் படைத்தார்கள், 6 பேருக்கு மாற்றமில்லை, 6 பேருக்குக் குறைந்தது. அந்தக் கடைசி ஆறு பேரைப் போன்றவர்களுக்குத்தான் அளவைச் சீர்பார்க்க வேண்டும்.

கடைசிக் குளிசைக்கு 12 மணி நேரம் கழித்துச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கட்டும். அதில் லித்தியம் லீற்றருக்கு 0.8 மில்லிமோலைத் தாண்டியிருந்தால், 0.6 பக்கம் இறக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். தைரொயிட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். லித்தியத்தால் அதன் சுரப்பு குறைந்தாலும் இதே மந்தம்தான்.

மலை ஏறி இறங்கிய கால்வலிக்குக் கடையில் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடக்கூடாது. இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். வாந்தி, வயிற்றோட்டத்திலும் அப்படியே.

இரண்டு இரவு தூங்காமல் உற்சாகமாக எழுதிக்கொண்டிருந்தால் பித்துநிலை திரும்புகிறதாக இருக்கலாம்; கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.