ஊர் அரசு நடுநிலைப் பள்ளியைப் பற்றிப் பெற்றோர் ஒன்று சொல்கிறார்கள், அங்கே படிக்கும் பிள்ளைகள் வேறு சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பில் சேர்க்க யார் பேச்சைக் கேட்பது?

இரண்டு தரப்பையும் கேளுங்கள். ஆனால் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. 2021 மழையில் சம்பா முழுகிப்போனது, வேன் பள்ளிக்குப் பீஸ் கட்ட வழியில்லை. மகளை 2022 ஜூனில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறாவதில் சேர்த்தோம். 2025-இல் எட்டாவது முடித்தாள். அவளைச் சேர்த்த 2022-இலேயே பள்ளி மேலாண்மைக் குழுவைத் திருத்தி அமைத்தார்கள், முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர். அதில் நானும் ஒருத்தி. அதனால் மூன்று வருடம் இரண்டு பக்கப் பேச்சும் என் காதில் விழுந்தது.

பெற்றோர் சொன்னது பெரும்பாலும் ஒரே பாட்டு: "இங்கிலீஷ் வராது", "கண்டிப்பு இல்லை", "டை கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது". சொன்னவர்களில் பாதிப் பேர் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. தாங்கள் முப்பது வருஷத்துக்கு முன்னால் படித்த பள்ளியை வைத்துப் பேசினார்கள். பிள்ளைகளோ பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறது என்றார்கள். என் மகளுக்கு ஓவிய ஆசிரியர் என்றால் உயிர். பகுதி நேர ஆசிரியர், வாரத்தில் மூன்று அரைநாள்தான் வருவார். அந்த நாட்களில் அவளை எழுப்பவே வேண்டாம். "படம் வரையவா பள்ளிக்கூடம் அனுப்புறோம்" என்று என் மாமியார் கேட்டார். அந்த மூன்று அரைநாள்தான் அவளைப் புதுப் பள்ளியில் ஒட்ட வைத்தது என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் பிள்ளைகள் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு நான் ஏமாந்ததும் உண்டு. ஏழாவதில் தினமும் சந்தோஷமாக வந்தாள், "இன்னைக்கும் கபடி விளையாடினோம்மா" என்று. எனக்கும் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது: கணக்கு ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார், அந்த இடம் காலி. ஆறு முதல் எட்டு வரைக்கும் கல்வி உரிமைச் சட்டம் கட்டாயமாக்குவது கணக்கு அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். பிள்ளைகள் குறைந்த நடுநிலைப் பள்ளியில் அதற்கு மேல் ஆள் இருப்பது அபூர்வம். அதனால் ஒருவர் போனால் கணக்கும் அறிவியலும் சேர்ந்தே போய்விடுகிறது. பிள்ளைக்கு அது குறையாகவே தெரியாது, விளையாட்டு நேரம் கூடியது என்றுதான் தெரியும். அந்த வருடம் பெற்றோர் போட்ட சத்தம் நியாயமானது. நாங்கள் தீர்மானம் எழுதி வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்த பிறகே மாற்றுப்பணியில் ஒருவர் வந்தார்.

இதற்கு நேர் எதிரானது கழிப்பறை. பெற்றோர் எல்லோரும் "புதுசா கட்டிக் கொடுத்துட்டாங்க, டைல்ஸ் போட்டிருக்கு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகள் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே நிரம்பித் திரும்பி வரும். தினமும் அதை முற்றத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன், என்னவென்று யோசிக்கவில்லை. ஒருநாள் அடிவயிறு வலி, நீர்க்கடுப்பு என்று படுத்த பிறகு கேட்டேன். "தாழ்ப்பாள் உடைஞ்சிருக்கும்மா. ஒருத்தி உள்ளே போனா ஒருத்தி வெளியே கதவைப் பிடிச்சிக்கணும். அதான் தண்ணியே குடிக்கிறதில்ல." ஏழாவது, எட்டாவதில் பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தொடங்கும் வயது. அந்தக் கதவை எந்தப் பெற்றோரும் சாத்திப் பார்த்ததில்லை. அடுத்த கூட்டத்தில் இதைப் பேசினேன், ஒரு வாரத்தில் தாழ்ப்பாள் மாட்டினார்கள். இத்தனை சின்ன விஷயத்துக்காக அத்தனை பிள்ளைகள் தாகத்தோடு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சாப்பாட்டிலும் ஒரு விஷயம். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எங்கள் ஊருக்கு வந்தபோது மூன்றாவது படித்த மகனுக்குப் பொங்கல் கிடைத்தது, அதே வளாகத்தில் ஏழாவது படித்த மகளுக்கு இல்லை, திட்டம் ஐந்தாவது வரைதான். பெற்றோர் எல்லோரும் பாராட்டினோம், பாராட்ட வேண்டிய திட்டம்தான். ஆனால் நடவு நாட்களில் அம்மா விடியுமுன் வயலுக்குப் போய்விட, வெறும் வயிற்றோடு வரும் பெரிய பிள்ளைகள் தம்பி தங்கைகள் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதை என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே பிள்ளைகளிடம் கேட்க வேண்டியது: கழிப்பறைக்குப் போகிறாயா, யார் அடிக்கிறார்கள், எந்த ஆசிரியர் வந்தால் பிடிக்கும், நேற்று கணக்கில் என்ன நடத்தினார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் ஆசிரியர் இருக்கிறாரா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பெற்றோரில், எட்டாவது முடித்துப் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஒன்பதாவதில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் பிள்ளை திணறியதா என்று அவர்களுக்குத்தான் தெரியும். எட்டாவதில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்குப் பள்ளியில் பயிற்சி தருகிறார்களா என்றும் விசாரியுங்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். என் மகள் வகுப்பில் இரண்டு பேர் தேறினார்கள், இருவரும் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் உதவித்தொகை இரண்டுக்கும் அரசுப் பள்ளிப் படிப்பை ஆறாம் வகுப்பிலிருந்தே பார்க்கிறார்கள். ஒன்பதாவதில் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

மகளை அங்கே சேர்த்ததற்கு நான் வருந்தவில்லை. மகனும் அங்கேதான் படிக்கிறான். இப்போதெல்லாம் மாலையில் அவன் பாட்டிலைத்தான் முதலில் தூக்கிப் பார்க்கிறேன்.