தமிழ்ப் பள்ளியை சி.ஐ.ஓ. (தனிச் சட்ட ஆளுமை கொண்ட அறநிறுவனம்) ஆக மாற்றுவது குறித்து

வணக்கம். இலண்டனில் நீங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ்ப் பள்ளி தனிச் சட்ட ஆளுமை இல்லாத, அதாவது தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய இயலாத, சங்கமாகவே இருப்பதாகவும், மண்டபக் குத்தகையில் மூன்று அறங்காவலர்கள் தம் பெயரிலேயே கையொப்பமிட்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். எனக்குக் கவலையளிப்பது அந்தக் கையொப்பமே. பள்ளியால் வாடகை செலுத்த இயலாமற்போனால், அவர்கள் தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க நேரிடலாம்.

பெற்றோர் உறுப்பினர்களாக வாக்களிக்கும் உங்கள் பள்ளிக்கு சி.ஐ.ஓ.வின் 'அசோசியேஷன்' மாதிரி விதிகள் பொருந்தும். ஆனால் பழைய சங்கம் அப்படியே உருமாறிவிடாது: ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தாலும், புதிய சி.ஐ.ஓ.வை அறநிறுவனங்களை மேற்பார்வையிடும் அரசு அமைப்பான சாரிட்டி கமிஷனில் பதிவு செய்த பின்னரே சொத்துகளை அதற்கு மாற்ற இயலும். குத்தகையும் தானாக மாறாது. மண்டப உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறும்வரை பழைய சங்கத்தைக் கலைத்துவிடாதீர்கள். அந்த மூவரின் இடத்தில் நான் இருந்தால், பழைய கடன்களுக்குப் புதிய அமைப்பு பொறுப்பேற்கும் என்ற உறுதிமொழியையும் எழுத்தில் கேட்பேன்.