கோத்தகிரியில் நிழலான வாசலில், தொட்டியில் அலங்காரக் கோரை வளருமா? தோட்டம் முழுவதும் பரவிவிடுமா?

வளரும். மலைக் குளிர் இதற்குப் பிடித்தமானது. நீங்கள் பயப்படுவது வயலில் கிழங்கு விட்டுப் பரவும் கோரையை நினைத்து. கேரெக்ஸ் (Carex) என்ற கோரைப் பேரினத்தின் பல அலங்கார வகைகள் ஒரே தூராக நிற்பவை.

நிழலுக்கு என் தேர்வு ஜப்பானியக் கோரையான ‘எவர்கோல்ட்’. சுமார் 30 செ.மீ. உயரம், இலை நடுவே வெளிர்மஞ்சள் கோடு. உறைபனியையும் தாங்கும். செம்மண், மக்கிய இலை உரம், கொஞ்சம் மணல் கலந்து நடுங்கள். ஈரம் வேண்டும், தேக்கம் கூடாது. உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமாக இருப்பதால் ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டு வைக்கவே வேண்டாம். பழுத்த இலைகளை விரலால் கோதி எடுத்தால் போதும். புல் என்று நினைத்து ஒட்ட வெட்டினால் தேறுவதற்கு நாளாகும். தூரைப் பிரிப்பதை மழைக்காலத் தொடக்கத்தில் செய்யலாம்.

நியூசிலாந்தின் செம்பழுப்புக் கோரைகளும் அழகுதான். (காய்ந்துவிட்டதென்று யாராவது பிடுங்கி எறியாமல் காவல் இருக்க வேண்டும்!) ஆனால் அவை விதை விழுந்து முளைப்பவை. அழகுக்காகக் கொண்டுவந்த ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூப் புதர் நீலகிரிப் புல்வெளிகளை ஆக்கிரமித்திருப்பது தெரிந்ததே. சோலைக்காடு, புல்வெளி ஓரத்தில் வீடு என்றால் இவற்றைத் தவிர்ப்பேன். மற்றவர்கள் விதை முற்றுமுன் கதிரை நறுக்கிவிடுங்கள்.

குட்டைத்தண்ணீரில் வைக்கக் குடைக்கோரை ஏற்றது. பாப்பிரஸ் என்ற உயரமான நீர்க்கோரை உறைபனியில் கருகும். ஊட்டிப் பள்ளத்தாக்குகளில் அதற்குச் செலவழிப்பது வீண்.