ஒரே இடத்தில் வரும் கிரேக்கச் சொல்: அகராதியில் சேர்ப்பதா, விடுவதா?

கேள்வி: புதிய ஏற்பாட்டு கிரேக்கம் படிக்கும் மாணவர்களுக்காகச் சிறிய கிரேக்க–தமிழ் அகராதி ஒன்று தொகுக்கிறேன். சில சொற்கள் ஒரே இடத்தில்தான் வருகின்றன, பொருளும் உறுதியில்லை. சேர்க்கலாமா?

எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி முடிவெடுக்காதீர்கள். சொல் உண்மையிலேயே அந்த இடத்தில் இருக்கிறதா, இல்லை யாரோ ஒருவர் அப்படிப் படித்துவிட்டாரா என்பதை முதலில் பாருங்கள். அரிய சொற்களில் பாதி வேலை இதுதான்.

உங்கள் அகராதிக்குள்ளேயே வரப்போகும் 'எபியூசியோஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பரமண்டல ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று சொல்கிறோமே, அதில் 'வேண்டிய' என்று தமிழில் வந்திருப்பது இந்தச் சொல்தான். மத்தேயு 6:11, லூக்கா 11:3, அப்புறம் 'டிடாக்கே' என்ற பழைய கிறிஸ்தவ நூல், ஆக மூன்று இடம். ஆனால் மூன்றிலும் இருப்பது ஒரே ஜெபம் என்பதால் நான் அதை ஒரே சான்றாகத்தான் எண்ணுவேன். கிரேக்கத்தையே பேசி எழுதி வாழ்ந்த பழைய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன்கூட, 3-ஆம் நூற்றாண்டிலேயே, இந்தச் சொல் அறிஞர்களிடமும் இல்லை, சாதாரண மக்கள் பேச்சிலும் இல்லை, நற்செய்தியாளர்களே உருவாக்கியது போலிருக்கிறது என்று எழுதிவைத்தார்.

எகிப்தின் ஹவாராவில் தொல்லியல் ஆய்வாளர் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த ஒரு பாப்பிரஸில் (நாணல் தாள் சுவடியில்), வீட்டுச் செலவுக் கணக்கு ஒன்றில், இதே சொல்லின் முற்பகுதி இருப்பதாக 1889-இல் சேய்ஸ் என்ற அறிஞர் படித்து வெளியிட்டார். சாதாரணக் கணக்குச் சீட்டிலேயே வருகிறதென்றால் 'அன்றாடப் படி' என்ற பொருளுக்கு வலு கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள், அகராதிகளிலும் அந்தச் சான்று ஏறியது. மூலச் சுவடியோ எங்கே போனதென்றே தெரியாமல், சேய்ஸ் வெளியிட்ட வாசிப்பை மட்டும் நம்பி எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அது யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அகப்பட்டது. நெய்மன், வார்ப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை மறுபடி படித்து 1999-இல் வெளியிட்டார்கள்: அங்கே இருந்தது 'எலயூ', அதாவது எண்ணெய். அவ்வளவு காலம் தாங்கி நின்ற ஒரே வெளிச்சான்று போய்விட்டது.

ஆகவே அச்சுப் பதிப்பில் பார்த்த உடனே குறித்துக்கொள்ளாமல், எழுத்துகள் தெளிவாக இருக்கின்றனவா, சதுர அடைப்புக்குள் பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியவையா என்று பாருங்கள். சுவடிப் படம் கிடைத்தால் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஹெசிக்கியஸின் பழைய சொற்பட்டியலிலிருந்து எடுப்பதானால் இன்னும் கவனம் வேண்டும். அது வெனிஸில் உள்ள 15-ஆம் நூற்றாண்டுக் கைப்பிரதி ஒன்றின் வழியாகத்தான் நமக்கு வந்திருக்கிறது, பிழைகளும் ஏராளம். சொல் அகரவரிசையில் தன் இடத்தில் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

சரி, சொல் உறுதி, பொருள்தான் உறுதியில்லை என்றால்? தாராளமாகச் சேருங்கள். மாணவர் அகராதியைத் திறப்பதே அந்த மாதிரிச் சொல்லுக்காகத்தான். 'எபியூசியோஸ்' என்று போட்டு, வரும் இடங்களைக் கொடுத்து, 'பொருள் உறுதியில்லை' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு இரண்டு வழிகளையும் காட்டுங்கள்: 'இருப்பு' என்று பொருள்படும் 'ஊசியா'விலிருந்து வந்ததென்றால் வாழ்வுக்குத் தேவையான உணவு, 'எபியூசா'விலிருந்து வந்ததென்றால் வரும் நாளுக்கான உணவு. இந்த 'எபியூசா' அப்போஸ்தலர் 16:11-இல் 'மறுநாள்' என்ற பொருளில் வருவதையும் குறியுங்கள். வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த பழைய அறிஞர் ஜெரோம் இதே சொல்லை லூக்காவில் 'அன்றாட' என்றும், மத்தேயுவில் 'இருப்புக்கு மேலான' என்றும் பெயர்த்தார். அந்தத் தடுமாற்றத்தையும் மாணவர் பார்க்கட்டும். தமிழ் வேதாகமத்தில் உள்ள 'வேண்டிய' என்பதை மட்டும் பொருளாக எழுதி முடித்துவிடாதீர்கள், அது மொழிபெயர்ப்பாளர் எடுத்த முடிவு.

எல்லாச் சொல்லுக்கும் இடம் தேவையில்லைதான். பழைய கிரேக்க நாடக ஆசிரியர் அரிஸ்டோபனீஸின் நாடகமொன்றில் ஒரு விருந்துப் பண்டத்துக்கு 170 எழுத்துக்கு மேல் நீளும் பெயர் இருக்கிறது. லிடல்–ஸ்காட் என்ற கிரேக்க–ஆங்கிலப் பேரகராதி அதைச் சேர்த்திருக்கிறது, சேர்க்கவும் வேண்டும், ஏனென்றால் பழைய இலக்கியம் முழுவதும் அதன் எல்லை. உங்கள் எல்லை புதிய ஏற்பாடு, அங்கே வராததை விட்டுவிடலாம்.

பொய்யென்று தெரிந்த சான்றைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். பழைய உரை நூலில் அந்தக் கணக்குச் சீட்டைப் பற்றிப் படித்த மாணவர் உங்களிடம் தேடி வருவார். 'தவறான வாசிப்பு, அங்கே இருப்பது எண்ணெய்' என்று ஒரு வரி அவருக்காக இருக்கட்டும்.