அறிவியல் சொற்களுக்குச் சமஸ்கிருதத்தில் புதுச்சொல் ஆக்குவது பயன் தருமா?

பயன் தரும், ஆனால் எல்லாச் சொல்லுக்கும் அல்ல. கருத்துகளைக் குறிக்கும் சொற்களைச் சமஸ்கிருத வேர்களிலிருந்து தாராளமாக ஆக்கலாம். தனிமங்கள், அலகுகள் போன்றவற்றின் பெயர்களை உலகம் வழங்குகிறபடியே எடுத்துக்கொள்வது நல்லது. இதுவரை நடந்த முயற்சிகளைப் பார்த்தால் அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

சொல்லாக்கத்தில் சமஸ்கிருதத்துக்கு உள்ள வசதி அசாதாரணமானது. சமஸ்கிருத இலக்கண ஆசிரியர் பாணினியின் மரபில் வரும் தாதுபாடம் என்ற வேர்ப்பட்டியலில் ஏறத்தாழ 2000 வினைவேர்கள் இருக்கின்றன. அவற்றோடு 22 முன்னொட்டுகள், ஏராளமான பின்னொட்டுகள். வைத்தல் என்று பொருள்படும் 'தா' வேரோடு 'வி' சேர்ந்தால் விதி, விதானம் (வகுத்து அமைத்தல்). அதற்கு முன் 'சம்' சேர்ந்தால் சம்விதான், அதாவது அரசியலமைப்பு. இந்தியில் மசோதா விதேயக், சட்டமன்ற உறுப்பினர் விதாயக். ஒரு சொல் தெரிந்தவருக்கு அடுத்தது பாதி புரிந்துவிடும். ஒரு துறையின் சொற்கள் இப்படிக் குடும்பமாக அமைவது மாணவருக்குப் பெரிய உதவி.

இந்த வழியை இந்திக்காகப் பெரிய அளவில் கையாண்டவர் ரகுவீரா. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். அரசியலமைப்பின் 351-ஆம் பிரிவும், இந்திக்குச் சொல் தேவைப்படும்போது முதன்மையாகச் சமஸ்கிருதத்திலிருந்து எடுக்கலாம் என்கிறது. நிர்வாகம், சட்டம் சார்ந்த பல சொற்கள் நன்றாகவே வேரூன்றிவிட்டன.

வேதியியலில்தான் சிக்கல். ஆக்சிஜன் என்ற பெயரை கிரேக்க வேர்களிலிருந்து உண்டாக்கியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே. 'அமிலத்தை உண்டாக்குவது' என்பது அதன் பொருள். எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது கிடையாது என்பதை ஆங்கில வேதியியலாளர் டேவி 1810 வாக்கில் காட்டிவிட்டார். ஆனால் வங்காளத்தில் அந்தப் பெயரை வேருக்கு வேர் மாற்றி அம்லஜான் என்று வைத்தார்கள். ஆக்சிஜன் என்று சொல்லும்போது யாருக்கும் கிரேக்கம் நினைவுக்கு வராது, அதனால் பழைய பிழை வெளியே தெரியாது. அம்லம் என்றால் புளிப்பு என்பது வங்காளிக் குழந்தைக்கும் தெரியும், பிழை பளிச்சென்று தெரியும். இன்று அவர்களும் ஆக்சிஜன் என்றே சொல்கிறார்கள். 1961-ல் மத்திய அரசு அமைத்த அறிவியல் தொழில்நுட்பச் சொல்லாக்க ஆணையமும் தனிமங்கள், சேர்மங்கள், அலகுகள், ஆட்பெயரால் அமைந்த சொற்கள் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொள்வது என்றுதான் கொள்கை வகுத்தது. மிகச் சரியான முடிவு.

கடன் வாங்கினால் மொழியின் கௌரவம் போய்விடும் என்பவர்களுக்குப் பழைய சோதிட, வானியல் நூல்களைக் காட்ட விரும்புகிறேன். கேந்திரம், ஹோரா (நம்முடைய ஓரை), ஜாமித்திரம் (சோதிடத்தில் ஏழாம் இடம்), லிப்தா (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) எல்லாமே கிரேக்கத்திலிருந்து வந்தவை. பழைய வானியல், சோதிட அறிஞர் வராகமிகிரர் இவற்றைத் தயக்கமில்லாமல் கையாண்டார். மறுபக்கம், கணித, வானியல் அறிஞர் ஆரியபடர் முக்கோணவியலில் கையாண்ட 'ஜ்யா' என்ற சொல், ஜீவா என்ற வடிவத்தில் அரபுக்குப் போய், அங்கிருந்து லத்தீனில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு 'சைன்' ஆகி, நம் கணிதப் புத்தகத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. ஆக்குவது, வாங்குவது, கொடுப்பது மூன்றையும் செய்த மொழி சமஸ்கிருதம்.

சமஸ்கிருதச் சொல் என்றால் இந்தியா முழுக்க ஒரே மாதிரி புரியும் என்ற வாதமும் அடிக்கடி வரும். 1940-ல் கலைச்சொற்களுக்காகச் சென்னை மாகாண அரசு அமைத்த சீனிவாச சாஸ்திரி குழு இந்தத் திசையில்தான் போனது, தமிழ் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மொழி உணர்வை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்த வாதம் நிற்கவில்லை. 'சிக்ஷா' இந்தியில் கல்வி, மலையாளத்திலும் கன்னடத்திலும் தண்டனை. நமக்கு அணு என்பதை இந்திக்காரர் பரமாணு என்பார், அவருக்கு அணு என்றால் மூலக்கூறு. இயற்பியலில் நமக்கு வேகம் வேறு, திசைவேகம் வேறு. இந்திப் பாடநூலில் 'வேக்' என்பதே திசைவேகம், சாதாரண வேகத்துக்கு 'சால்' என்ற எளிய இந்திச் சொல். ஒரு சொல் ஒரு மொழிக்குள் வந்து தங்கிவிட்டால், அப்புறம் அதன் பொருளை அந்த மொழிதான் தீர்மானிக்கும்.

சரி, சமஸ்கிருதத்திலேயே எழுதுபவர்களுக்கு? கணினிக்கு சங்கணகம், இணையத்துக்கு அந்தர்ஜாலம் என்று நல்ல சொற்கள் இருக்கின்றன, புழக்கத்திலும் இருக்கின்றன. மைசூரிலிருந்து 1970 முதல் வந்த சுதர்மா நாளிதழும், வானொலியில் 1974-ல் தொடங்கிய சமஸ்கிருதச் செய்தியும் அன்றாடம் புதுச்சொற்களைக் கேட்டு நின்றன. அந்தத் தேவை சொற்களைச் செதுக்கியது. அறிவியலுக்கும் அதே வழிதான் என்று நினைக்கிறேன். ஆயிரம் சொல் கொண்ட பட்டியலுக்கு முன்னால், பள்ளி அளவு இயற்பியலை முழுதாக ஒருவர் அந்த மொழியில் எழுதிப் பார்க்கட்டும். வேகத்துக்கும் திசைவேகத்துக்கும், நிறைக்கும் எடைக்கும் தனித்தனிச் சொல் எங்கே தேவை, எது வாக்கியத்தில் உருபு ஏற்றுச் சரளமாக வருகிறது, எது நாக்கில் சிக்குகிறது என்பதெல்லாம் மூன்றாவது பாடத்துக்குள் தெரிந்துவிடும்.