படகு டிரெய்லருக்கு எந்த டயர்? கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூர்ப் பொங்கோலில் படகு இறக்குகிறேன். வீட்டில் பழைய கார் டயர் இரண்டு இருக்கிறது, அதே 14 அங்குலம். மாட்டலாமா அண்ணே?

பதில்: வேண்டாம் தம்பி. ரிம்மில் உட்காருவது வேறு, பாரம் தாங்குவது வேறு. படகு 700 கிலோ, எஞ்சின் 170, டிரெய்லர் 300, பெட்ரோல் 120 லிட்டர் என்றால் ஏறக்குறைய 90, நங்கூரம், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான் 80 என்று வையுங்கள். மொத்தம் 1,340. இரண்டு சக்கரம் என்றால் சக்கரத்துக்கு 670 கிலோ. அதோடு பாதுகாப்புக்கு 20 விழுக்காடு கூட்டினால் 804.

டயரின் பக்கச் சுவரில் அளவை அடுத்து ஓர் எண் இருக்கும். 84 என்றால் 500 கிலோதான் தாங்கும். பல கார் டயர்கள் அந்த வட்டாரத்தில்தான். அளவின் முடிவில் ‘சி’ போட்ட வேன் டயரைப் பாருங்கள்: 185ஆர்14சி, எண் 102 என்றால் 850 கிலோ, 195ஆர்14சி, எண் 106 என்றால் 950. 102/100 என்று இரண்டு எண் இருந்தால் முதல் எண்தான் உங்களுக்கு. அடுத்தது ஒரு பக்கத்துக்கு இரண்டு டயரைச் சேர்த்து மாட்டும் வண்டிக்கு. டயர் தாங்கினால் போதாது, ரிம்மும் அச்சும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: டயர் பட்டன் (தரையில் படும் மேடு) தேயவே இல்லை, ஆனால் வாங்கி ஏழு வருடம். மாற்றணுமா?

பதில்: மாற்றுங்கள். படகு டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட, நம் ஊர் வெயிலில் நின்றே கெடுகிறது. பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும்: 3219 என்றால் 2019, 32ஆம் வாரம். வாங்கிய தேதியை விடுங்கள், இதைப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டினால் நான் நம்பமாட்டேன். பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். முடி போன்ற வெடிப்பு வாய் திறந்தால் அன்றே கழற்றுங்கள். ரப்பர் வால்வையும் வளைத்து அடிப்பகுதியைப் பாருங்கள். டயரோடு வால்வும் புதிதாகவே இருக்கட்டும்.

கேள்வி: காற்று எவ்வளவு?

பதில்: முழுப் பாரம் ஏற்றினால் டயரில் அச்சிட்ட உச்ச அளவு, ரிம் அதற்கு ஏற்றதாக இருந்தால். வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மலேசியாவின் மெர்சிங் வரை ஓட்டி நிறுத்தியதும் காற்று ஏறித்தான் காட்டும், இறக்கிவிடாதீர்கள். காற்று குறைந்தால் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கிச் சூடேறும், மேல் பட்டை உரிந்து வரும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி: ஒன்று மட்டும் மாற்றலாமா?

பதில்: ஒரே அச்சில் ரேடியலையும் (உள் இழைகள் நேராக ஓடும் வகை) பழைய பயஸ் வகையையும் (இழைகள் சாய்வாகக் குறுக்கே ஓடும்) கலக்கவே கூடாது. ஜோடியாக மாற்றுங்கள், ஸ்பேரையும் மறக்காதீர்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

கேள்வி: இறக்கியதும் பேரிங் கத்துகிறது, டயர் கோளாறா?

பதில்: டயர் அல்ல. ஓட்டி வந்த சூட்டோடு சக்கரத்தைக் கடலில் இறக்கினால் பேரிங் இருக்கும் சக்கர நடுப்பகுதியான ஹப்புக்குள் காற்று சுருங்கி, சீல் வழியே உப்புநீரை இழுக்கும். கிரீஸ் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. இறக்குமுன் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், ஆறட்டும்.